ஹொரோகனாய் சாலை நிலையம்: ஒரு தட்டு சொபாவுக்காக அவ்வளவு தூரம் போகலாமா?

தெற்குக்காற்று, சப்போரோ | ஜூலை 24, இரவு 10.12

அப்பா ஊரிலிருந்து வந்து மூன்று வாரம் ஆகிறது. ஒட்டன்சத்திரம் பக்கம் நாற்பது வருஷம் மண்ணோடு கிடந்தவர். ஜப்பானில் நான் இருக்கும் சப்போரோவின் கட்டடங்களும் பாதாளக் கடைவீதியும் இரண்டே நாளில் அவருக்குச் சலித்துவிட்டன. "காடு கழனி எங்கடா இருக்கு இந்த ஊர்ல?" என்று கேட்டுவிட்டார். போன சனிக்கிழமை அப்பா, மனைவி, நான் மூவரும் ஹொரோகனாய்க்குக் கிளம்பினோம். அந்த ஊரைப் பற்றித் தமிழில் எதுவும் என் கண்ணில் பட்டதில்லை. அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் ஒரு தெளிவு. இது சொபா, உட்காரும் சோபா அல்ல. பக்வீட் மாவில் செய்கிற நூடுல்ஸ். வடநாட்டில் நவராத்திரி விரதத்துக்கு எடுக்கும் குட்டு மாவு இதே தானியம்தான். பெயரில் வீட் இருக்கிறதே தவிர கோதுமைக்கும் இதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. புல் இனமே கிடையாது.

ஜப்பானில் விளையும் சொபாவில் நாற்பது விழுக்காட்டுக்கு மேல் வடக்குத் தீவான ஹொக்கைடோவில் விளைகிறது. அதில் ஹொரோகனாய்தான் பரப்பில் நாட்டிலேயே முதல். 3,000 ஹெக்டேருக்கு மேல் விதைக்கிறார்கள். ஊரில் இருப்பவர்களோ 1,500 பேர்கூட இல்லை. ஆளுக்கு ஐந்து ஏக்கர் பூ என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஃபுக்காகாவாவில் விரைவுச்சாலையை விட்டு இறங்கி, வடக்கே 275ஆம் எண் நெடுஞ்சாலையைப் பிடித்தோம். மலை விலகியதும் இரண்டு பக்கமும் வெள்ளை. ஜூலையில்தான் பூக்கும். அப்பா வண்டியை நிறுத்தச் சொன்னார். சாலையோரமாகவே குனிந்து ஒரு செடியைத் தொட்டுப் பார்த்தார். தண்டு செக்கச்செவேல் என்று இருந்தது. "கோதுமைன்னு சொன்ன, இது தண்டுக்கீரையாட்டம்ல இருக்கு" என்றார். பூவை முகர்ந்தவர் முகத்தைச் சுளிக்கவில்லை, சிரித்தார். "ஆட்டுப்பட்டி வாசம்டா." உண்மைதான். படத்தில் பார்க்கிறவர்கள் மல்லிகை மாதிரி மணக்கும் என்று நினைப்பார்கள். கிட்டப் போனால் எரு வாடை.

அங்கிருந்து நேராகச் சாலை நிலையம். ஜப்பானியத்தில் மிச்சி-நோ-எக்கி. மிச்சி என்றால் சாலை, எக்கி என்றால் நிலையம். ரயிலுக்கு நிலையம் இருக்கிறது, சாலைக்கு ஏன் இருக்கக்கூடாது என்ற யோசனையில் பிறந்தது. 1993 ஏப்ரலில் 103 நிலையங்களோடு தொடங்கினார்கள். இன்றைக்கு நாடு முழுக்க 1,200க்கு மேல். வண்டி நிறுத்தமும் கழிப்பறையும் 24 மணி நேரமும் திறந்திருக்க வேண்டும், அந்த வட்டாரத்தைப் பற்றித் தகவல் சொல்ல வேண்டும், உள்ளூர்க்காரர்களுக்குப் பிழைப்பும் தர வேண்டும். இந்த மூன்றும்தான் அடிப்படை.

ஹொரோகனாய் நிலையத்தின் முழுப்பெயர் 'காடும் ஏரியும் சூழ்ந்த ஊர் ஹொரோகனாய்' என்று பொருள்படும். லுஒன்ட்டோ என்ற வெந்நீர்க் குளியல் இல்லமும் அதோடு இருக்கிறது. குளிக்கலாம், சாப்பிடலாம், மாவு வாங்கலாம். நாங்கள் மூன்றையும் செய்தோம்.

தட்டு வந்ததும் அப்பா முதலில் ஒரு இழையை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். சாம்பல் நிறத்தில் சின்னச் சின்னப் புள்ளி. எதையும் தொட்டுக்கொள்ளாமல் வாயில் போட்டு மென்றார். ரொம்ப நேரம் மென்றார். "இது தானியம்டா. மைதா இல்ல" என்றார். அதற்குமேல் பேசவில்லை. தட்டு காலியானது.

படங்களை நாளை ஏற்றுகிறேன்.

ஊர்சுற்றி, கோவை | ஜூலை 25, காலை 7.40

அருமையான பதிவு. ஆனால் ஒரு கேள்வி, மனசில் பட்டதைக் கேட்கிறேன். செப்டம்பரில் நானும் வீட்டுக்காரியும் ஹொக்கைடோவுக்கு எட்டு நாள் வருகிறோம். சப்போரோவிலேயே தெருவுக்குத் தெரு சொபாக் கடை இருக்கிறதாமே. போக இரண்டு, இரண்டரை மணி நேரம், வர அதே அளவு. ஒரு தட்டு நூடுல்ஸுக்காக ஒரு முழு நாளைக் கொடுப்பது நியாயமா? பூவும் அப்போது இருக்காது. கார் இல்லாமல் போக வழி உண்டா என்பதையும் சொல்லுங்கள்.

தெற்குக்காற்று | ஜூலை 25, இரவு 9.05

நியாயமான கேள்வி ஊர்சுற்றி. நான் சப்போரோவுக்கு வந்து ஆறு வருஷம். முதல் நான்கு வருஷம் நீங்கள் நினைத்த மாதிரியேதான் நினைத்தேன். ரயில் நிலையத்துக் கடையில் நின்றபடி ஒரு கிண்ணம், வேலை முடிந்தது. சொபா என்றால் கருப்பாக, கொழகொழவென்று, சாறில் மிதக்கும் ஒன்று என்றுதான் என் எண்ணம்.

ஜப்பானில் சாப்பிடும் சொபாவில் பெரும்பகுதி சீனா, அமெரிக்கா, ரஷ்யா போன்ற நாடுகளிலிருந்து வரும் தானியம். மலிவான கடைகளில் கோதுமை மாவுதான் கூடுதலாக இருக்கும். நல்ல கடை என்றால் எட்டுக்கு இரண்டு, அதாவது எட்டுப் பங்கு சொபா, இரண்டு பங்கு கோதுமை. இதற்கு நிஹாச்சி என்று பெயர். கோதுமையே சேர்க்காதது ஜூவாரி. சொபா மாவில் கோதுமையின் பசைத்தன்மை கிடையாது. அதனால் ஜூவாரியை அறுந்துபோகாமல் இழுக்க நல்ல கைப்பழக்கம் வேண்டும்.

அடுத்தது வாசம். நம் வீட்டில் கம்பு அரைத்து நாள்பட்டால் கசந்துவிடும் இல்லையா, அதுபோல இந்த மாவும் நாளாக ஆகச் செத்துவிடும். ஜப்பானியர்கள் மூன்று 'தாதே' என்பார்கள். ஹிகிதாதே, உச்சிதாதே, யுதேதாதே. அப்போது திரித்தது, அப்போது தேய்த்து வெட்டியது, அப்போது வேகவைத்தது. விளைகிற ஊரில் இந்த மூன்றும் அமைவது சுலபம். நகரத்திலும் அமையும், அதற்கான விலை கொடுக்க வேண்டும்.

செப்டம்பரில் வருகிறீர்கள் என்றால் பூ இருக்காது, ஆனால் அதைவிட நல்லது கிடைக்கும். ஆகஸ்ட் கடைசியில் அறுவடை தொடங்கிவிடும். புது சொபாவை ஷின்-சொபா என்பார்கள். லேசாகப் பச்சை ஓடியிருக்கும். அறுவடையை ஒட்டி ஊரில் புது சொபாத் திருவிழாவும் நடக்கும். அங்கே உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகள் மாவு தேய்ப்பதைப் பாருங்கள். ஹொரோகனாய் பள்ளியில் சொபா செய்வது பாடத்திட்டத்திலேயே உண்டு. மாநிலங்களுக்கு இடையிலான பள்ளிப் போட்டிகளில் பெயர் எடுத்த பிள்ளைகள்.

பேருந்து உண்டு. ஃபுக்காகாவாவுக்கும் நயோரோவுக்கும் இடையே ஓடுவது ஹொரோகனாய் வழியாகப் போகும். ஒரு நாளைக்குச் சில நடைதான். நேரம் தவறினால் அன்றைய பொழுது போயிற்று. கார் எடுப்பதே மேல். இந்தியாவில் வாங்கும் சர்வதேச ஓட்டுநர் அனுமதி 1949 ஜெனீவா உடன்படிக்கைப்படியானது, இங்கே செல்லும். நம்மைப் போல இடது பக்கம்தான். வழியில் பெட்ரோல் பங்க் குறைவு, நகரத்திலேயே நிரப்பிவிடுங்கள். அந்தி நேரத்தில் மான் குறுக்கே பாயும்.

நெல்லிக்கனி, நகோயா | ஜூலை 25, இரவு 11.20

தெற்குக்காற்று அண்ணா, மன்னி சைவம் என்று வேறொரு உரையாடல் இழையில் எழுதியிருந்தீர்களே. அவர்கள் என்ன சாப்பிட்டார்கள்? எனக்கு அதுதான் தெரிய வேண்டும்.

நான் இங்கே வந்த புதிதில் மாதக்கணக்கில் சொபா சாப்பிட்டேன். மேலே காய்கறி மட்டும்தானே இருக்கிறது என்று நம்பினேன். பிறகு அலுவலகத் தோழி ஒருத்திதான் சொன்னாள், அந்தச் சாறே மீன் என்று. அன்றைக்கு நான் அழுதுவிட்டேன். யாரும் ஏமாற்றவில்லை, கேட்க வேண்டியதை நான்தான் கேட்கவில்லை. இருந்தாலும் மனசு ஆறவில்லை. புதிதாக வருகிற பிள்ளைகள் இதைப் படிக்க வேண்டும் என்றுதான் எழுதுகிறேன்.

தெற்குக்காற்று | ஜூலை 26, காலை 6.50

தங்கச்சி, இதை முதல் பதிவிலேயே எழுதியிருக்க வேண்டும். இப்போது எழுதுகிறேன்.

சொபா நூலில் மாவும் தண்ணீரும்தான். சிக்கல் த்சுயுவில். சோயா, மிரின் என்கிற இனிப்பு அரிசி மது, சர்க்கரை சேர்த்துக் காய்ச்சிய கலவையோடு, கத்சுஒபுஷி எனும் உலர்த்திச் சீவிய மீனில் எடுத்த சாற்றைக் கலக்கிறார்கள். குளிர்ந்த சொபாவுக்குத் தொட்டுக்கொள்வதும் அதுதான், சூடான சொபாவில் ஊற்றுவதும் அதை நெகிழ்த்தியதுதான். பெரும்பாலான கடைகளில் சூடான கிண்ணத்தில் மீனைத் தவிர்க்க வழியே இல்லை. ஆகவே சைவர்கள் குளிர்ந்த சொபாதான் கேட்க வேண்டும். மோரி அல்லது ஸாரு. ஸாருவின் மேல் கடல்பாசி தூவியிருக்கும், அது சைவம்தான்.

என் மனைவி "த்சுயு நாஷி தே ஒனேகாய்ஷிமாஸ்" என்று கேட்டாள், சாறு வேண்டாம் என்று பொருள். கூடவே ஷிஒ, அதாவது உப்பு. பரிமாறிய அம்மா ஒரு நொடி தயங்கிவிட்டு, சின்னக் கிண்ணத்தில் உப்பும், துருவிய வசாபியும், பொடியாக நறுக்கிய வெங்காயத்தாளும் கொண்டுவந்து வைத்தார். உப்பைத் தொட்டுச் சாப்பிடுவது இங்கே தெரியாத பழக்கம் அல்ல. மாவின் ருசியைப் பார்க்க விரும்புகிறவர்கள் அப்படித்தான் தொடங்குவார்கள். அவளுடைய தட்டில் இருந்து நானும் அப்பாவும் மாறிமாறி எடுத்தோம்.

தறிச்சத்தம், ஈரோடு | ஜூலை 26, மதியம் 1.15

இழைக்கு நடுவே ஒரு சின்னச் செய்தி. எங்கள் குடும்பம் மூன்று தலைமுறையாகத் தறி. நான் வேலை விஷயமாக நீகாத்தாவில் தொகாமாச்சி போயிருந்தேன். அங்கே ஹெகி சொபா என்று ஒன்று. ஹெகி என்பது மரத்தட்டு. ஒரு வாய்க்கு ஒரு கண்ணி என்று நூல் சிட்டம் போலச் சுருட்டி வரிசையாக அடுக்கியிருப்பார்கள். இழை வழுவழுப்பாக, பிடித்து இழுத்தால் நீளும்.

காரணம் கேட்டேன். மாவில் ஃபுநோரி என்கிற கடல்பாசியைக் காய்ச்சிச் சேர்க்கிறார்கள். அந்தப் பாசி முதலில் சமையலுக்கு வந்தது அல்ல, நெசவுக்கு வந்தது. அந்த வட்டாரத்தில் துணி நெய்கிறவர்கள் நூலுக்குக் கஞ்சி போட வைத்திருந்தது. கோதுமை விளையாத மலைநாட்டில், மாவு சேர்ந்து நிற்க அந்தக் கஞ்சியையே எடுத்துப் போட்டிருக்கிறார்கள். பாவுக்குக் கஞ்சி போடும்போது எங்கள் பாட்டி கையில் ஒட்டும் அந்த வழுவழுப்பு எனக்கு அந்தத் தட்டில் தெரிந்தது. ஹொரோகனாய் போகிறவர்கள் ஒரு முறை அங்கேயும் போங்கள்.

வடமராட்சி, டொராண்டோ | ஜூலை 26, இரவு 8.30

நானும் மனுசியும் 2019 இல நாகானோவில தொகாகுஷிக்குப் போனனாங்கள். அங்க மூங்கில் தட்டில ஐஞ்சு ஆறு சின்னக் கட்டாகச் சொபாவை வைப்பினம், போச்சிமோரி எண்டு பேர். தண்ணியை முழுசா வடிக்க மாட்டினம். அந்த ஈரத்தோட சாப்பிடேக்க மலைத்தண்ணியின்ர குளிர்ச்சி வாயில தெரியும்.

நாகானோக்காரருக்கு இதில பெருமை கொஞ்சமில்லை. சொபாவை இழையா வெட்டிச் சாப்பிட்டதுக்கு இதுவரை கிடைச்ச ஆகப் பழைய எழுத்து அங்க கிசோப் பக்கம் ஒரு கோவிலில இருக்கு. 1574 ஆம் ஆண்டு, கோவில் திருத்த வேலைக்கு ஆர் ஆர் என்ன குடுத்தவை எண்ட கணக்கில வருது.

எனக்கு ஹொரோகனாய் வேற விதமாத் தெரிஞ்ச பேர். அதைப் பிறகு எழுதுறன்.

மருதம், யோகோஹாமா | ஜூலை 27, காலை 9.00

எல்லாரும் ருசியைப் பற்றிப் பேசுகிறீர்கள், நல்லது. ஒரு எச்சரிக்கையும் இந்த இழையில் கட்டாயம் இருக்க வேண்டும்.

என் இரண்டாவது மகனுக்கு அப்போது நான்கு வயது. ஒரு சாலையோரக் கடையில் அவனுக்கு ஊதோன் வாங்கிக் கொடுத்தோம். ஊதோன் கோதுமை, சொபா அல்ல. ஆனால் இரண்டையும் ஒரே தண்ணீரில் வேகவைத்திருக்கிறார்கள். பத்து நிமிடத்தில் உதடு வீங்கி, உடம்பெல்லாம் தடித்து, மூச்சு இழுக்க ஆரம்பித்துவிட்டது. ஆம்புலன்ஸ் வந்த இருபது நிமிடம் எனக்கு இன்னும் கனவில் வரும்.

சொபா ஒவ்வாமை சிலருக்கு உயிருக்கே ஆபத்தாக முடியும். ஜப்பானில் பொட்டலத்தில் கட்டாயம் எழுத வேண்டிய ஒவ்வாமைப் பொருள்களில் சொபாவும் ஒன்று. நிலக்கடலை, முட்டை, பால், இறால் வரிசையில். ஆனால் உணவகத்துத் தட்டில் யாரும் எழுதிவைப்பதில்லை, நாம்தான் கேட்க வேண்டும். மாவு காற்றில் பறக்கும் இடம், சொபா தேய்க்கக் கற்றுக்கொடுக்கும் கூடம், இவையும் அப்படிப்பட்ட பிள்ளைகளுக்கு ஆகாது. நம் ஊர்க் குழந்தைகள் பிறந்ததிலிருந்து இதைத் தொட்டிருக்க மாட்டார்கள். ஒத்துக்கொள்ளுமா என்பதே தெரியாது. முதல் முறை என்றால் ஒரு இழை கொடுத்து, பொறுத்திருந்து பாருங்கள். ஆஸ்பத்திரி ஒரு மணி நேரத் தொலைவில் இருக்கும் மலை ஊரில் முதல் முறையாகக் கொடுத்துப் பார்க்காதீர்கள்.

தெற்குக்காற்று | ஜூலை 27, இரவு 8.10

மருதம் அக்கா, உங்கள் பதிவை முதல் பதிவின் தலையில் ஒட்டிவிட்டேன். பையன் இப்போது நலம்தானே? ஊதோனும் சொபாவும் ஒரே கொப்பரையில் வேகும் என்பது எனக்கே தெரியாது.

இரவுப்பயணி, செண்டாய் | ஜூலை 28, இரவு 12.40

கார் எடுப்பவர்களுக்கு ஒரு யோசனை. விடுதிக்குக் காசு செலவழிக்காதீர்கள். சாலை நிலையத்தில் வண்டியைப் போட்டுவிட்டு உள்ளேயே படுத்துக்கொள்ளலாம். கழிப்பறை இருக்கிறது, தண்ணீர் இருக்கிறது, பாதுகாப்பு. நான் போன கோடையில் பதினொரு இரவு இப்படியே ஓட்டினேன். லுஒன்ட்டோ மாதிரிக் குளியல் இல்லமும் சேர்ந்திருந்தால் வேறென்ன வேண்டும்?

நெல்லிக்கனி | ஜூலை 28, காலை 8.15

இதில் எனக்கு உடன்பாடு இல்லை. சாலை நிலையங்களுக்குப் பொறுப்பான அமைச்சகமே தெளிவாகச் சொல்லியிருக்கிறது. களைப்பில் விபத்து நேராமல் இருக்க வண்டிக்குள் கண்ணயர்வது சரி, அதற்குத்தான் இரவெல்லாம் திறந்து வைத்திருக்கிறார்கள். தங்கும் இடமாகப் பயன்படுத்துவதைத் தவிர்க்கச் சொல்கிறார்கள். வண்டி நிறுத்தத்தில் நாற்காலி விரித்து அடுப்பு பற்றவைத்துச் சமைக்கிறவர்களை நானே பார்த்திருக்கிறேன். குப்பையை அங்கேயே போட்டுவிட்டுப் போகிறார்கள். காலையில் காய்கறி கொண்டுவரும் பாட்டிகள்தான் அதை அள்ளுகிறார்கள்.

இரவுப்பயணி | ஜூலை 28, இரவு 11.05

குப்பை விஷயத்தில் நீங்கள் சொல்வது முழுக்கச் சரி, நெல்லிக்கனி. நான் அடுப்பு பற்றவைத்ததில்லை, ஆனால் பதினொரு இரவு என்பது கண்ணயர்வது அல்ல, தங்குவதுதான். ஒப்புக்கொள்கிறேன். சில நிலையங்களில் கட்டணத்தோடு வண்டியில் தங்க ஆர்.வி. பார்க் என்று தனி இடம் உண்டு. இனி அதைத்தான் சொல்வேன்.

அந்தப் பாட்டிகளைப் பற்றி எழுதியதும் நினைவு வந்தது. பொருளில் விளைவித்தவர் பெயர் ஒட்டியிருக்கும், விலையையும் பெரும்பாலும் அவர்களேதான் வைக்கிறார்கள். ஒரே மாதிரி வெள்ளரிக்காய், பக்கத்துப் பக்கத்துக் கூடையில் பத்து யென் வித்தியாசம். நான் எப்போதும் விலை கூடினதை எடுத்து ஏன் என்று யோசித்துப் பார்ப்பேன். பெரும்பாலும் காரணம் இருக்கும்.

வடமராட்சி | ஜூலை 29, இரவு 9.50

எழுதுறன் எண்டு சொன்னதை எழுதுறன். சாலை நிலையத்தில இருந்து அதே 275 ஆம் இலக்க வீதியில வடக்கால போனால் ஷுமாரினாய் ஏரி வரும். நீர்ப்பரப்பில ஜப்பானின்ர ஆகப் பெரிய செயற்கை ஏரி அது. பாக்க இயற்கை ஏரி போலவே சின்னச் சின்னத் தீவுகளோட இருக்கும். படம் எடுக்கிறவை எல்லாம் அங்க நிண்டு எடுப்பினம்.

அந்த அணை 1943 இல கட்டி முடிஞ்சது. யுத்த காலம். கட்டினவையில கொரியாவில இருந்து பலவந்தமாக் கொண்டு வந்த ஆக்களும், கடன்பட்டு அடைபட்ட ஜப்பானியக் கூலிகளும் இருந்தவை. குளிரிலயும் பசியிலயும் அடியிலயும் செத்தவையைக் காட்டுக்குள்ள மூங்கில்புல்லுக்குக் கீழ புதைச்சுப் போட்டினம். 1997 இல ஜப்பானியப் பிள்ளையளும் கொரியப் பிள்ளையளும் சேர்ந்து வந்து அந்த எலும்புகளைக் கையால தோண்டி எடுத்தவை. அதைப் பற்றின நினைவுக்கூடம் ஒண்டு ஷுமாரினாயில இருக்கு. பழைய கட்டடம் பனிப் பாரத்தில விழுந்து, பிறகு புதுசாக் கட்டினவை.

ஆரையும் சாப்பிட வேண்டாம் எண்டு சொல்லேல்லை. சாப்பிட்டிட்டு அந்த ஏரி வரைக்கும் போங்கோ. பேர் தெரியாமல் கிடந்தவைக்குப் பக்கத்தில ஒரு பத்து நிமிசம் நில்லுங்கோ. எங்கட ஆக்களுக்கு இதைச் சொல்லி விளங்கப்படுத்த வேண்டியதில்லை.

தெற்குக்காற்று | ஜூலை 30, இரவு 10.30

ஐயா, நாங்கள் ஏரி வரை போனோம், படம் எடுத்தோம், திரும்பிவிட்டோம். நினைவுக்கூடம் இருப்பது தெரியாது. அப்பா ஊருக்குத் திரும்புவதற்குள் இன்னொரு முறை போகிறோம்.

அதே ஏரிக்கரையைத் தொட்டுக்கொண்டு ஒரு ரயிலும் ஓடியது. ஷின்மெய் பாதை, ஃபுக்காகாவாவிலிருந்து நயோரோ வரை 121.8 கிலோமீட்டர். ஏறுவதற்கு ஆளே இல்லை. 1980களில் நஷ்டத்தில் ஓடும் கிளைப்பாதைகளையெல்லாம் மூடியபோது இதை விட்டுவைத்தார்கள். காரணம், இணையாகப் போக நல்ல சாலை இல்லை. குளிர்காலத்தில் பனி சாலையை விழுங்கிவிடும். 2018 பிப்ரவரியில் இந்த ஊரில் பதிவான பனி ஆழம் 324 சென்டிமீட்டர். ஊரின் வடகோடியில் மோஷிரி என்ற சிற்றூர், 1978 பிப்ரவரி 17 அன்று அங்கே மைனஸ் 41.2 டிகிரி. அப்படிப்பட்ட இடத்தில் ரயில்தான் உயிர்நாடி.

சாலை சீரானது. 1995 செப்டம்பரில் ரயிலை நிறுத்திவிட்டார்கள். நுமாஉஷி என்ற இடத்தில் பழைய மர நிலையத்தை ஊர்க்காரர்கள் பழுதுபார்த்து வைத்திருக்கிறார்கள். தண்டவாளம் இல்லை, வண்டி வராது, நிலையம் மட்டும் நிற்கிறது. ரயிலுக்கு எமனாக வந்த அதே சாலையின் மேல்தான் இப்போது 'நிலையம்' என்ற பெயரோடு சொபாக் கடை. அப்பாவுக்கு இதைச் சொன்னதும், "நெல்லும் போச்சு, ரயிலும் போச்சு, இந்தச் செவப்புத் தண்டை வச்சு ஊரை நிறுத்திட்டானுங்க" என்றார். நெல் போன கதையும் சரிதான். 1970 வாக்கில் நாட்டில் அரிசி தேங்கிக்கிடந்ததால் நெல் பரப்பைக் குறைக்கச் சொன்னது அரசு. காலியான வயல்களில் விதைத்ததுதான் இந்தச் சொபா.

அன்றைக்குச் சாலை நிலையத்துக் காய்கறித் தட்டுகளுக்குப் பக்கத்தில் ஒரு பெரியவர் கூடையை அடுக்கிக்கொண்டிருந்தார். அப்பா என்னை மொழிபெயர்க்கச் சொல்லி அவரிடம் கேட்ட முதல் கேள்வி, "எத்தன நாள் பயிரு?" அவர் விரலால் காட்டினார், 75. அப்பா வாயைப் பிளந்துவிட்டார். "சாமையைவிடச் சுருக்கா வந்துருது!" அடுத்த கேள்வி, தேனீ. பூவில் இரண்டு வகை உண்டு, ஒன்றில் சூல்தண்டு நீளம், மற்றதில் குட்டை. ஒரு வகையின் மகரந்தம் மற்ற வகைக்குப் போனால்தான் மணி பிடிக்கும். அதனால் தேனீ வராத வருஷம் விளைச்சல் படுத்துவிடும் என்றார். பூக்கும்போது ஒரு மழைவாரம் வந்தால் அவ்வளவுதான். அப்பா அவர் தோளைத் தட்டினார். அதற்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.

ஊர்சுற்றி | செப்டம்பர் 14, இரவு 9.30

போய்வந்துவிட்டோம்! ஜூலையில் நான் கேட்ட கேள்விக்கு நானே பதில் எழுதுகிறேன். தகும்.

அறுவடை பாதி முடிந்திருந்தது. நிற்கும் வயலில் மணி கருத்துத் தொங்குகிறது. மூன்று முனை, கையில் வைத்தால் சின்ன எள்ளுருண்டைத் துணுக்கு போல. சொபா தெற்குக்காற்று சொன்ன மாதிரியே லேசான பச்சை. முதல் வாய் வெறுமனே, இரண்டாவது உப்போடு, மூன்றாவதுதான் த்சுயு. முழுதாக முக்கக்கூடாது, நுனியை மட்டும் தொட்டு உறிஞ்ச வேண்டும் என்று பக்கத்து மேசைப் பெரியவர் செய்து காட்டினார். சத்தம் போட்டு உறிஞ்சினால்தான் வாசம் மூக்குக்கு ஏறுகிறது. வீட்டுக்காரிக்கு முதலில் கூச்சம், பிறகு என்னைவிடப் பலமாக உறிஞ்சினாள்.

கடைசியில் ஒரு கூஜாவில் கொதிக்கக் கொதிக்க வெண்மையான தண்ணீர் வந்தது. நான் தேநீர் என்று நினைத்தேன். சொபா வேகவைத்த தண்ணீர், சொபாயு. மிச்சமிருக்கும் த்சுயுவில் ஊற்றிக் குடிக்க வேண்டுமாம். நம் வீட்டில் சோறு வடித்த கஞ்சியில் உப்புப் போட்டுக் குடிப்போமே, அதே கெட்டி, அதே சூடு. வெளியே காற்று குளிர ஆரம்பித்திருந்தது. இரண்டு பேரும் கூஜாவைக் காலி செய்தோம்.

ஏரிக்கும் போனோம், வடமராட்சி ஐயா. வீட்டுக்காரி அந்தக் கூடத்தில் ஒரு மணி நேரம் இருந்தாள். வெளியே வந்து வெகுநேரம் பேசவில்லை.

மாவு ஒரு கிலோ வாங்கி வந்திருக்கிறேன். எப்படி வைப்பது, என்ன செய்வது?

தெற்குக்காற்று | செப்டம்பர் 15, காலை 6.20

காற்றுப்புகாமல் கட்டி ஃப்ரீசரில் வையுங்கள், சீக்கிரம் தீர்த்துவிடுங்கள். நூலாக வெட்டுவதற்கு முதல் முறை முயன்றால் உதிரும், மனம் தளர வேண்டாம். அதைவிடச் சுலபமானது சொபாகாகி. நம்ம களிதான்.

அப்பா ஊருக்குக் கிளம்புவதற்கு முந்தைய இரவு அதைத்தான் செய்தார். விதைக்கென்று ஒரு கைப்பிடி மணி எடுத்துப்போகத்தான் அவருக்கு ஆசை. அனுமதியும் தாவரநோய்ச் சான்றிதழும் இல்லாமல் விதையை நாட்டுக்குள் கொண்டுபோகக் கூடாது என்று சொன்னதும், பையிலிருந்து எடுத்து மேசையில் வைத்துவிட்டார். பிறகு அடுப்படிக்குப் போய், மிச்சமிருந்த மாவைப் பாத்திரத்தில் கொட்டி, தண்ணீர் விட்டுக் கரைத்து, சிறுதீயில் மரக்கரண்டியால் கிளற ஆரம்பித்தார். கட்டி தட்டக் கூடாது என்று கையை நிறுத்தவே இல்லை. மாவு சட்டென்று இறுகிப் பளபளவென்று திரண்டது. ஈரக்கையால் உருட்டி எங்கள் மூவர் தட்டிலும் வைத்தார். எனக்குச் சோயாவும் வசாபியும். அவர் ஊரிலிருந்து கொண்டுவந்திருந்த பூண்டு ஊறுகாயைத் தொட்டுக்கொண்டார். என் மனைவி இரண்டையும் தொட்டுப் பார்த்துவிட்டு ஊறுகாய்ப் பக்கம் சாய்ந்துவிட்டாள்.

அளவு: ஒரு பங்கு மாவுக்கு இரண்டு பங்கு தண்ணீர். தண்ணீர் முதலிலேயே கொதிக்க வேண்டாம், மாவை ஆறின தண்ணீரில் கரைத்துக்கொண்டு அப்புறம் அடுப்பில் ஏற்றுங்கள்.